நெவேரை மறந்துவிட்டீர்கள்

ஆசிரியருக்கு,

'ஹிரோஷிமா மோன் அமூர்' (1959) பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, அதைப் போர் எதிர்ப்புப் படம் என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டது. இயக்குநர் அலென் ரெனேயிடம் முதலில் கேட்கப்பட்டது அணுகுண்டு பற்றிய ஆவணப்படம்தான், சரி. ஆனால் மார்கரித் துராஸ் திரைக்கதை எழுதியபின் அது வேறு படமாகிவிட்டது.

படப்பிடிப்புக்கு ஹிரோஷிமா வந்த பிரெஞ்சு நடிகை, ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஒருவர். காதலில் விழும் இந்த இருவருக்கும் பெயரே கிடையாது. அவளுடைய முதல் காதலன் ஒரு ஜெர்மன் சிப்பாய். பிரான்சின் நெவேர் நகரம் ஜெர்மன் ஆக்கிரமிப்பிலிருந்து விடுதலையாகும் நேரத்தில் அவன் சுடப்பட்டுச் சாகிறான். ஊரார் அவள் தலையை மழிக்கிறார்கள், பெற்றோர் நிலவறையில் அடைக்கிறார்கள். பல வருடம் கழித்து, ஆற்றங்கரைத் தேநீர் விடுதியில் ஜப்பானியர் அந்தச் செத்த சிப்பாயாகவே மாறிக் கேள்வி கேட்கிறார். அவளும் அவரை 'நீ' என்றே விளித்துப் பதில் சொல்கிறாள். எதிரே இருப்பவர் யார், அவள் இப்போது யார்? படத்தின் உயிரே இங்கேதான்.

அதற்கும் முன்பு, தூங்கும் ஜப்பானியரின் கை லேசாகத் துடிக்க, எந்த விளக்கமும் இல்லாமல் சாகும் சிப்பாயின் கை சில நொடி வந்து போகும். 'புரியாத படம்' என்று சலித்துக்கொள்பவர்கள் (என் வீட்டிலும் உண்டு) அந்தக் காட்சி வெட்டைக் கவனிக்கலாம்.

அப்புறம், நாயகி எமானுவல் ரீவாவின் பெயரையே கட்டுரையாளர் எழுதவில்லை. 2012-இல் வந்த 'அமூர்' படத்துக்காக 85 வயதில் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டவர் இவர்தான்.

– ஒரு வாசகி, திருச்சி