பழைய ஜீப்புக்கு முன்பணம் கொடுக்கும் முன்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பழைய ஜீப்பை வாங்கிப் புதுப்பிக்க விரும்புவோர், முழுப் பணத்தையும் கொடுத்து வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த பிறகே எங்களிடம் கருத்துக் கேட்பது வழக்கமாகிவிட்டது. அந்த நிலையில் நாங்கள் சொல்லும் உண்மை அவர்களுக்கு வருத்தத்தைத் தவிர வேறெதையும் தருவதில்லை. ஆகவே இனிமேல், வாங்கும் முன்பே நாங்கள் நேரில் பார்த்துச் சம்மதித்த வண்டிகளை மட்டுமே முழுப் புதுப்பிப்புக்கு எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறோம். அப்படிப் பார்க்கும்போது எதைக் கவனிக்கிறோம், நன்றாக ஓடுகிற வண்டியைக்கூடச் சில நேரம் ஏன் வேண்டாம் என்கிறோம் என்பதை விளக்கவே இம்மடல்.

முதலில் பார்ப்பது ஆர்.சி. புத்தகத்தை. அதிலுள்ள சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) நம்பரை வாசிப்பதோடு நாங்கள் நிறுத்துவதில்லை. எண் வெட்டிய இடத்தில் கிரீஸையும் பெயின்ட்டையும் துடைத்துவிட்டு, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்கிறோம். எழுத்துகளின் ஆழம், இடைவெளி, வரிசை எல்லாம் அந்தத் தாளில் தெரிந்துவிடும். சென்ற ஆண்டு ஒருவர் கொண்டுவந்த வண்டியில் எண் புத்தகத்தோடு சரியாகவே பொருந்தியது. ஆனால் எண்ணைச் சுற்றி உப்புத்தாள் போட்டபோது, அந்தத் துண்டு வேறொரு சேஸிலிருந்து வெட்டி எடுத்து ஒட்டவைக்கப்பட்டது என்பதைக் காட்டும் வெல்டிங் கோடு சதுரமாக வெளிப்பட்டது. அந்த வேலையை அன்றே நிறுத்திவிட்டோம். விற்றவரிடம் அவர் கொடுத்த பணம் இன்னும் திரும்பி வரவில்லை.

எரிபொருள் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் முக்கியம். பெட்ரோலில் பிறந்த பல ஜீப்புகளுக்குப் பின்னாளில் டீசல் எஞ்சின் ஏற்றப்பட்டது. அது புத்தகத்தில் பதிவாகாமல் இருந்தால் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுச் சோதனையில் வண்டி நிற்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றுவதற்குக் கடுமையான வரம்பு விதிக்கிறது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவு முறையைப் பலர் கேட்கிறார்கள். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், 10 ஆண்டு செல்லுபடி, எண் பலகையில் ‘விஏ’ என்ற எழுத்துகள் என்பதெல்லாம் சரிதான். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் பேரணிக்கும் அவை போன்ற சில தேவைகளுக்கும் மட்டுமே எடுத்துச் செல்லலாம். தினசரி தோட்டத்துக்குப் போய்வர நினைப்பவர்களுக்கு அது உதவாது.

அடுத்தது, வண்டி உண்மையில் எது என்பது. ‘நாற்பதுகளின் வில்லிஸ்’ (1940களில் அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் கட்டிய ஜீப்) என்று விலை சொல்லப்படும் வண்டிகளில் பல, ஹரியானாவின் மண்டி டப்வாலி போன்ற ஊர்களில் புதுத் தகட்டில் அடித்த பாடியோடு வந்தவை. அந்த ஊர்க் கைவேலையை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் புது வேலைக்குப் பழம்பொருள் விலை கொடுப்பது சரியல்ல. போர்க்கால வில்லிஸ் மாடலான எம்.பி.யின் முன் கிரில்லில் ஒன்பது பிளவுகள் இருக்கும். பின்னர் பொதுமக்களுக்காக வந்த சி.ஜே. வகைகளில் ஏழு. எஃப்-ஹெட் என்ற எஞ்சின் வகையின் உயரத்துக்காகப் பானெட் உயர்த்தப்பட்டது சி.ஜே. 3பி, அதை அமெரிக்காவில் 1953 முதல் 1968 வரை தயாரித்தார்கள், மகிந்திரா அதற்குப் பின்னும் இங்கே தொடர்ந்து கட்டியது. நம் பகுதி எஸ்டேட்களிலிருந்து விலைக்கு வருபவற்றில் அதுவும், 2112 சி.சி. பெஜோ டீசல் எஞ்சின் பூட்டிய எம்.எம். 540-யுமே அதிகம்.

எங்கள் தீர்ப்பில் பாதிக்கு மேல் சேஸைப் பொறுத்தது. பாடியை முழுதாகப் புதிதாக அடித்துக்கொள்ளலாம், எஞ்சினின் தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து (போர் போட்டு) சரிசெய்துகொள்ளலாம். முறுகிய சேஸின் மேல் செய்யும் எந்த வேலையும் நிலைக்காது. பாயைப் போட்டு அடியில் படுத்து, சிறு சுத்தியலால் முன்னிருந்து பின்வரை அடிக்கு அடி தட்டிக்கொண்டே போகிறோம். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே சேறு தங்கித் துரு தின்ற இடம் மந்தமாக ஒலித்து, செதில் செதிலாக முகத்தில் உதிரும். ஸ்டீயரிங் பாக்ஸ் பூட்டிய இடத்திலும் ஸ்பிரிங் பட்டைகள் தொங்கும் தாங்கிகளிலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுகிறோம். அதன் பிறகு, முன் இடது தாங்கியிலிருந்து பின் வலது தாங்கிக்கும், முன் வலதிலிருந்து பின் இடதுக்கும் டேப் பிடித்து அளக்கிறோம். இரண்டு அளவும் ஒத்துப்போக வேண்டும்; ஆறு மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நாங்கள் அந்த வண்டியைப் பரிந்துரைப்பதில்லை.

நான்கு சக்கர இயக்கத்தை, அதைப் போடும் கம்பி (லிவர்) இருக்கிறது, போட்டால் விழுகிறது என்ற அளவில் நம்பிவிட வேண்டாம். டீசல் மிச்சமாகும் என்று முன் ஆக்சிலின் உள் ஷாஃப்ட்களைக் கழற்றிவிட்டு ஓட்டிய வண்டிகளை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். எளிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சினை நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, முன் இயக்கத்தைப் போட்ட நிலையில் அதைக் கையால் சுழற்றிப் பாருங்கள். ஹப் லாக் (முன் சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கும் பூட்டு) இருந்தால் அதையும் பூட்டியிருக்க வேண்டும். சக்கரம் சற்றே ஆடி நின்றுவிட்டால் இணைப்பு முழுமையாக உள்ளது. தாராளமாகச் சுற்றினால் எங்கோ ஒன்று உடைந்திருக்கிறது அல்லது கழற்றப்பட்டிருக்கிறது. நிற்பதற்கு முன் எவ்வளவு ஆடுகிறது என்பதிலிருந்தே ஜாயிண்ட்டுகள், ஆக்சிலின் கிரவுன் பினியன் பற்சக்கரங்கள், முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகியவற்றின் தேய்மானத்தை ஓரளவு கணிக்கலாம். பிறகு மண்சரிவு ஒன்றில் லோ கியரில் இறக்கி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறோம். கம்பி தானாக வெளியே துள்ளினால் டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்கியே ஆக வேண்டும். இச்சோதனையைக் காய்ந்த தார்ச்சாலையில் செய்யாதீர்கள். முன்னும் பின்னும் இறுகப் பிணைந்த இவ்வகை அமைப்பில், வளைவில் சக்கரங்கள் வழுக்க இடமில்லாமல் பற்சக்கரங்கள் முறுக்கேறும்.

எஞ்சினைப் பொறுத்தவரை நாங்கள் கேட்பது ஒன்றுதான்: நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்க வேண்டும். போனவுடன் எஞ்சின் மேல் கை வைத்துப் பார்ப்போம்; சூடாக இருந்தால் வேறொரு நாள் வருவோம், ஏனெனில் குளிர்ந்த நிலையில் எடுக்கும் சிரமமும், ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று வரும் புகையும் அப்போதுதான் தெரியும். ஒயரிங், டயர், சீட், மேற்கூரை ஆகியவை எப்படியும் புதிதாக வாங்கவேண்டியவை. அவற்றுக்காக விலையைக் கூட்டவும் வேண்டாம், வண்டியைத் தள்ளவும் வேண்டாம். புதுப் பெயின்ட் அடித்துப் பளபளக்கும் வண்டியில் மட்டும், துணி சுற்றிய காந்தத்தைக் கால் வைக்கும் தளத்திலும் சக்கர வளைவுகளிலும் நகர்த்திப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடமெல்லாம் பட்டி பூசி மறைத்தது.

நேரில் பார்க்க விரும்பும் நாளுக்கு மூன்று நாள் முன்னதாகத் தெரிவித்து, ஆர்.சி.யின் இரு பக்கப் படத்தையும் அனுப்பிவையுங்கள். பார்ப்பதற்கான கட்டணம், வண்டியை நீங்கள் வாங்கிப் புதுப்பிக்கத் தந்தால் வேலைக் கூலியில் கழித்துக்கொள்ளப்படும். நாங்கள் வண்டியின் அடியில் படுக்கவோ பென்சில் அச்சு எடுக்கவோ விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் எங்களை அழைக்க வேண்டியதில்லை. அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பட்டறைப் பணியாளர்கள்