நைட் ஷிப்ட் வேண்டாம், கண்ணு

திருப்பூர்
மார்ச் 2026

அன்புக் கண்ணு,

நேற்று நீ ஜெர்மனியில் இருந்து பேசியதை அம்மா சொன்னாள். ஒரு பாடத்தில் 5.0 வந்திருக்கிறது, ஏப்ரலில் இருந்து பார்சல் கிடங்கில் வாரம் இரண்டு நைட் போகப் போகிறாய், செமஸ்டர் லீவில் தினமும் போகலாம் என்று நினைக்கிறாய். போனில் இதைப் பேசினால் நீயும் அழுவாய், அம்மாவும் அழுவாள், சொல்ல வேண்டியது பாதியில் நின்றுபோகும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அவசரம் இல்லாமல் படி.

முதலில் அந்த 5.0. அங்கே 1.0 வாங்கினால் முதல் தரம், 4.0 வரை பாஸ், 5.0 என்றால் ஃபெயில் என்று நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். ஃபெயில் ஆனதில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை சாமி. விசா தாமதமாகி, வகுப்பு தொடங்கிய பிறகுதான் நீ போய் இறங்கினாய். வீடு பதிவு, இன்சூரன்ஸ், பேங்க் கணக்கு என்று அலைந்தே அக்டோபர் போய்விட்டது. டிசம்பரில் நாலு மணி தாண்டியதும் இருட்டிவிடுகிறது என்று வீடியோவில் காட்டினாயே, அந்தக் குளிரிலும் இருட்டிலும் புதுப் பாடம், புதுத் தேர்வு முறை. அதிலும் மற்றப் பாடங்களை எல்லாம் பாஸ் செய்திருக்கிறாய். அதை நீ அம்மாவிடம் சொல்லவே இல்லையாம். நான் கேட்டுத்தான் தெரிந்தது.

ஆனால் ஒரு தேர்வை மூன்று முறைக்கு மேல் எழுத முடியாது, மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பே போய்விடும் என்றும் நீதான் சொன்னாய். படிப்பு போனால் அதை நம்பி நிற்கும் ரெசிடென்ஸ் பெர்மிட்டும் ஆட்டம் கண்டுவிடும். ஒரு வாய்ப்பு முடிந்தது. அடுத்ததை எழுதும்போது உடம்பில் தெம்பும் மனதில் நிதானமும் இருக்க வேண்டும். முந்தின இரவு பெட்டி தூக்கிவிட்டுப் போய் எழுதுகிற தேர்வு இல்லை அது.

திருத்திய விடைத்தாளை மாணவர்கள் பார்ப்பதற்கென்று துறையில் ஒரு நாள் ஒதுக்குவார்கள் என்று எதிர்வீட்டுத் தம்பி சொன்னான். அவன் அங்கேயே மக்டெபுர்க் ஊரில் படிப்பை முடித்து வந்தவன் இல்லையா, எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறான். அந்த நாளில் கூச்சப்படாமல் போய்ப் பார். எந்தக் கேள்வியில் எத்தனை மதிப்பெண் போயிற்று, கணக்கில் தப்பா, கேள்வியே புரியவில்லையா, நேரம் போதவில்லையா என்று குறித்துக்கொண்டு வா. அது தெரியாமல் மறுபடி புத்தகத்தைத் திறந்தால், தெரிந்ததையே திரும்பப் படித்துக்கொண்டிருப்பாய். அவன் சொன்ன இன்னொன்று: தயாராகவில்லை என்றால் கெடு தேதிக்குள் பதிவை ரத்து செய்துவிட வேண்டும், பதிந்துவிட்டுப் போகாமல் இருந்தால் அதுவும் ஃபெயில் கணக்கில் சேரும். தேர்வு அன்று காய்ச்சல் என்றால் அன்றைக்கே டாக்டரைப் பார்த்துச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். இதெல்லாம் உனக்கும் தெரிந்திருக்கும். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

இனி பணம். நீ வேலைக்குப் போகிறேன் என்று சொல்வது ஆசைக்காக இல்லை, பயத்தில்தான் என்று எனக்குத் தெரியும். போகும்போது, விசாவுக்காகப் பணத்தை முடக்கி வைக்கிற பிளாக்டு அக்கவுன்டில் 11,904 யூரோ போட்டோம். மாதம் 992 யூரோ என்று அதிலிருந்து உனக்கு வந்துகொண்டிருக்கிறது. பெர்மிட்டை நீட்டிக்கும்போது அடுத்த வருடத்துக்கும் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். யூரோ நூறு ரூபாயைத் தாண்டிவிட்டதால் அது பன்னிரண்டு லட்சத்துக்கு மேல். 'அப்பா எங்கே போவார்' என்றுதானே ராத்திரியெல்லாம் யோசிக்கிறாய்?

அப்பா எங்கேயும் போக வேண்டியதில்லை. லோனில் இரண்டாவது வருடத்துக்கான பணம் பேங்கில் அப்படியே இருக்கிறது, உன் மார்க் ஷீட்டைக் காட்டினால் விடுவிப்பார்கள். குறைகிற தொகைக்கு ஆடியில் எடுக்க வேண்டிய சீட்டு இருக்கிறது, லைன் வீடுகளின் வாடகை இருக்கிறது. வட்டியை மாதாமாதம் கட்டிவருகிறேன். படிப்புக் காலத்தில் வட்டியைக் கட்டினால் ஒரு சதவீதம் குறைத்துக் கொடுக்கிறார்கள். அசல் தவணை நீ படித்து முடித்து ஒரு வருடம் கழித்துத்தான். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், வேண்டுமானால் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். அம்மா நகையைத் தொடவில்லை. அதையும் சொல்லிவிடச் சொன்னாள்.

உன் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். ஜனவரியில் இருந்து அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. எட்டு மணி நேரம் ஒரு நைட் போட்டால் 111 யூரோ சொச்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வேலையால் ஒரு தேர்வு தள்ளிப்போய், அதனால் படிப்பு ஒரு செமஸ்டர் நீண்டால் என்ன ஆகும்? ஆறு மாதச் செலவு, மாதம் 992 வீதம் 5,952 யூரோ. அதை ஈடுகட்ட மட்டும் நீ 53 நைட்டுக்கு மேல் போட வேண்டும். இரவுப்படி கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. போதாததற்கு ஆறு மாதச் சம்பளமும் தள்ளிப்போகும். நீ குடும்பத்துக்கு உதவ நினைக்கிறாய், கண்ணு. சீக்கிரம் முடிப்பதுதான் அந்த உதவி.

இங்கே கன்சல்டன்சிகளில் உட்கார்ந்துகொண்டு, 'போய்ச் சேர்ந்தால் போதும், பார்ட் டைம் வேலையிலேயே எல்லாச் செலவும் அடைபட்டுவிடும்' என்று பெற்றவர்களிடம் சொல்கிறார்கள். நம்மிடமும் சொன்னார்கள், நினைவிருக்கும். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே ஆத்திரம் வருகிறது. அதை நம்பி, முதல் வருடப் பணத்தை மட்டும் எப்படியோ புரட்டிக் காட்டிவிட்டுப் போகிற பிள்ளைகள் எத்தனை பேர். அவர்களுக்கு வேறு வழி இல்லை, கிடங்குக்கும் சமையல்கட்டுக்கும் போய்த்தான் ஆக வேண்டும். அவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். உனக்கு அந்த நெருக்கடி இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

நைட் ஷிப்ட் என்றால் என்ன என்று என்னைவிட உனக்கு யார் சொல்ல முடியும்? துணி பின்னுகிற நம் நிட்டிங்கில் சாயங்காலம் எட்டு மணிக்கு உள்ளே போனால் காலை எட்டு வரை ஒன்றரை ஷிப்ட். பன்னிரண்டு மணி வரை எல்லாரும் நன்றாகத்தான் இருப்பார்கள். மூன்று மணி ஆனதும் கண் திறந்திருக்கும், ஆனால் பார்வை இருக்காது. ஆபரேட்டர் மெஷினையே பார்த்துக்கொண்டு நிற்பான். துணியில் ஓட்டை விழுந்துகொண்டிருப்பது அவனுக்குத் தெரியாது. ஒரு ஊசியின் கொக்கி உடைந்திருக்கும். சின்ன ஊசிதான். அதை அப்போதே பார்த்து மாற்றினால் ஒரு முழம் துணியோடு போகும். பார்க்காவிட்டால் ரோல் முழுக்க மேலிருந்து கீழ் வரை ஒரே கோடாக இறங்கியிருக்கும். காலையில் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கும்போது ஒன்றும் செய்ய முடியாது. உன் 5.0 இப்போது முதல் முழத்தில்தான் இருக்கிறது.

தூக்கத்தை வாரத்தில் இரண்டு நாள்தானே விடுகிறேன் என்று நினைக்காதே. அந்த இரண்டு நாள் மற்ற ஐந்து நாளையும் தின்றுவிடும். பகலில் படுத்தால் தூக்கம் வராது, வகுப்பில் உட்கார்ந்தால் தூக்கம் வரும். நம் ஷெட்டில் இருபது வருடம் நைட் பார்த்தவர்களுக்கே உடம்பு பழகவில்லை.

வேலையே பார்க்காதே என்று நான் சொல்லவில்லை. சட்டப்படி வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம் என்கிறார்கள். அதற்காக அத்தனை நாளும் செய்தே தீர வேண்டும் என்று இல்லை. யூனிவர்சிட்டிக்குள்ளேயே பேராசிரியர்களிடம் கிடைக்கிற ஹிவி வேலை, அதாவது மாணவ உதவியாளர் வேலை இருக்கிறது. அது அந்த 140 நாள் கணக்கில்கூட வராதாம். சம்பளம் குறைவாக இருந்தாலும் லேபுக்குள் இருப்பாய், கற்றுக்கொள்வாய், பேராசிரியருக்கு உன் முகம் தெரியும். இந்த செமஸ்டரில் அந்தப் பாடத்தை முடித்துவிடு. அதன் பிறகு தேடு. இரண்டாவது வருடம் ஏதாவது வண்டிக் கம்பெனியில் வெர்க்ஸ்டூடன்ட் ஆக, அதாவது படித்துக்கொண்டே பகுதி நேரம் வேலை பார்க்கிற மாணவனாகச் சேர முடிந்தால் இன்னும் நல்லது, நீ படிக்கிற ஆட்டோமோட்டிவ் சாஃப்ட்வேருக்கு நேரான வேலை.

அதற்கு ஜெர்மன் வேண்டும். இதில் நீ மெத்தனமாக இருக்கிறாய் என்று எனக்குப் படுகிறது. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது, கூட இருப்பவர்கள் தமிழும் தெலுங்கும் பேசுகிறார்கள், அதனால் ஏ2 என்கிற ஆரம்ப நிலையோடு நின்றுவிட்டது. படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். அந்த 18 மாதத்தில் போய் ஜெர்மன் படிக்க உட்காரக்கூடாது. கிடங்குக்குப் போக வைத்திருந்த இரண்டு இரவுக்குப் பதில் இரண்டு சாயங்காலம் மொழி வகுப்புக்குப் போ. அதற்குக் கட்டணம் இருந்தால் நான் அனுப்புகிறேன்.

நம் நிட்டிங்கில் கடைசி வரிசையில் டெரோட் கம்பெனியின் பின்னல் மெஷின் ஒன்று ஓடுகிறதே, அதன் தகட்டில் கெம்னிட்ஸ் என்று போட்டிருக்கும். வருடக்கணக்காக எண்ணெய்த் துணியால் துடைத்த தகடு. உனக்கு அட்மிஷன் வந்த அன்றுதான் அந்த ஊர்ப் பெயரை நிறுத்திப் படித்தேன். கோயமுத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்கிற மாதிரி, உங்கள் ஊரைச் சாக்சனியின் மான்செஸ்டர் என்பார்களாமே. நீ அனுப்பிய கார்ல் மார்க்ஸ் தலை போட்டோவை யூனியன் ஆபீஸில் காட்டினேன். ஏழு மீட்டர் உயரம், நாற்பது டன் வெண்கலம் என்றதும் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. பின்னால் சுவரில் 'உலகத் தொழிலாளர்களே, ஒன்றுபடுங்கள்' என்று நான்கு மொழியில் எழுதியிருப்பதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். உன்னால் எனக்குக் கிடைக்கிற மரியாதை மார்க்கை வைத்து இல்லை, அதைத் தெரிந்துகொள்.

மனசு ரொம்பக் கனமாக இருந்தால் ஸ்டூடன்டன்வெர்க் என்கிற மாணவர் நல அமைப்பில் பேசுவதற்கு ஆள் இருக்கிறார்கள் என்று எதிர்வீட்டுத் தம்பி சொன்னான். போய்ப் பேசு. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அப்புறம், இனி இப்படிப்பட்ட விஷயத்தை நேராக என்னிடமே சொல். அம்மா வழியாக வரும்போது அவள் பாதி ராத்திரி தூங்காமல் இருந்துவிட்டுத்தான் சொல்கிறாள்.

அமுச்சி கொள்ளுப் பருப்புப் பொடி இடித்து வைத்திருக்கிறார். தெருமுனைப் பையன் ஏப்ரல் நடுவில் ட்ரெஸ்டனுக்கு வருகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறோம்.

கிடங்குக்காரர்களுக்கு வரவில்லை என்று இன்றைக்கே மெயில் போட்டுவிடு. விடைத்தாள் பார்க்கிற தேதி என்ன என்று கேட்டு எனக்கு ஒரு வரி அனுப்பு. இந்த மாதக் கடைசி ஞாயிறு உங்கள் ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள், அப்புறம் நமக்கும் உனக்கும் மூன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அன்றைக்கு உனக்கு மத்தியானம் ஒரு மணிக்கு, சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடு. இங்கே நாலரை ஆகியிருக்கும், நான் வீட்டில்தான் இருப்பேன். நோட்டை எடுத்து வைத்துக்கொள்கிறேன், கணக்கை ஒருமுறை சேர்ந்து பார்த்துவிடலாம்.

அப்பா