டெல்டாவின் நிலக்கரிப் படுகைகளில் கரியமில வாயுவைச் செலுத்துவதற்கும் தடை வேண்டும்

தமிழ்நாடு அரசின் சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

2070-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வை எட்டுவதாக இந்தியா அறிவித்ததற்குப் பிறகு, அனல் மின் நிலையங்களின் கரியமில வாயுவைப் பிரித்தெடுத்து, வெட்டி எடுக்க முடியாத ஆழத்தில் உள்ள நிலக்கரிப் படுகைகளுக்குள் செலுத்திச் சேமிக்கலாம் என்ற யோசனை இங்கும் பேசப்படுகிறது. நிதி ஆயோக் 2022-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையும் இதை ஒரு வழியாகக் குறிப்பிடுகிறது. வட சென்னை, வல்லூர் அனல் மின் நிலையங்களின் புகையைச் சுவாசித்து வாழும் பகுதியைச் சேர்ந்தவன் என்ற முறையில், அந்தப் புகைக்கான தீர்வு காவிரி டெல்டாவின் நிலத்தடியில் தேடப்படக் கூடாது என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

இந்த யோசனைக்கு அறிவியல் அடிப்படை உண்டு. நிலக்கரியின் நுண்துளைச் சுவர்களில், அங்கே இயல்பாகவே தங்கியிருக்கும் மீத்தேன் எரிவாயுவைவிடக் கரியமில வாயு வலுவாக ஒட்டிக்கொள்ளும். சாதாரண நிலக்கரியில் ஒரு மீத்தேன் மூலக்கூறு விட்டுச்செல்லும் இடத்தில் ஏறத்தாழ இரண்டு கரியமில மூலக்கூறுகள் தங்கும், பழுப்பு நிலக்கரியில் அதற்கும் மேல். சிக்கலும் அதே இயல்பிலிருந்துதான் பிறக்கிறது. வாயுவை ஏற்கும் நிலக்கரி உப்புகிறது. உப்பும்போது அதன் மெல்லிய வெடிப்புகள் நெருங்கி மூடிக்கொள்வதால், அடுத்தடுத்துச் செலுத்தப்படும் வாயுவுக்கு வழியில்லாமல் போகிறது. அமெரிக்காவின் சான் ஹுவான் படுகையில் 1995 முதல் 2001 வரை நடந்த சோதனையில் செலுத்தும் திறன் கணிசமாகக் குறைந்தது. போலந்தின் கானியூவில் பாறையைப் பிளந்த பிறகே தொடர்ந்து செலுத்த முடிந்தது. அங்கே மொத்தமாக உள்ளே சென்றது சுமார் 760 டன். ஜப்பானின் யூபாரியிலும் ஆயிரம் டன்னைத் தொடவில்லை. 800 மெகாவாட் அலகு ஒன்று முழுத் திறனில் ஓடினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வெளியேற்றும் அளவுதான் இது. நார்வேயின் ஸ்லெய்ப்னரில் 1996 முதல் ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் டன் வரை சேமித்த அனுபவத்தை இதற்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அது கடலடியில் உப்புநீர் நிறைந்த மணற்கல் அடுக்கு, நிலக்கரி அன்று.

தமிழ்நாட்டில் இதற்கு எந்த இடம் இருக்கிறது? நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி ஆழம் குறைந்தது. வெட்டி எடுக்கப்பட்டு வருவது. அதன் அடியிலேயே அழுத்தத்துடன் நிலத்தடி நீர் நிற்கிறது. எஞ்சுவது டெல்டாவின் மன்னார்குடி நிலக்கரிப் படுகை. மீத்தேன் திட்டத்துக்காக 2010-இல் ஒப்பந்தம் செய்யப்பட்டதும், நம்மாழ்வார் ஐயாவும் விவசாயிகளும் ஊர் ஊராக எதிர்த்து நின்றதும் அந்தப் படுகையை முன்னிட்டுத்தான். 2023-இல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய நிலக்கரி வட்டாரங்கள் ஏலப் பட்டியலில் இடம்பெற்று, எதிர்ப்புக்குப் பின் நீக்கப்பட்டதையும் தாங்கள் அறிவீர்கள்.

டெல்டாவைக் காக்க இயற்றப்பட்ட 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன் ஆகியவற்றுக்கான ஆய்வு, துளையிடுதல், எடுத்தல் ஆகியவற்றைத் தடுக்கிறது. கரியமில வாயுவை உள்ளே செலுத்துவதை அது பெயர் சொல்லித் தடுக்கவில்லை. செலுத்தினால் மீத்தேன் வெளியேறும். இந்த முறையின் செலவை ஈடுகட்ட அந்த மீத்தேனை விற்பதே உலகெங்கும் சொல்லப்படும் கணக்கு. ஆகவே நாம் தடுத்து நிறுத்திய ஒன்று, காலநிலைத் திட்டம் என்ற பெயரில் அதே ஊர்களுக்குத் திரும்பி வர இடமிருக்கிறது. அதே ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்படும்; நெல்லுக்கும் குடிக்கவும் நீர் தரும் அடுக்குகளை ஊடுருவித்தான் அவை கீழே இறங்கும்.

வாயு அங்கே போய்ச் சேரவும் வேண்டும். எண்ணூரிலிருந்து டெல்டா வரை உயரழுத்தக் குழாய் அமைத்தால் அது எத்தனை குடியிருப்புகளைக் கடக்கும் என்பதை வரைபடமே சொல்லும். 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சட்டார்சியா என்ற சிற்றூருக்கு அருகே இத்தகைய குழாய் வெடித்தபோது 45 பேர் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. காற்றைவிடக் கனமான அந்த வாயு தாழ்வான இடங்களில் தேங்கும்; வாகன எஞ்சின்கள்கூட நின்றுபோயின.

வட சென்னையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரிக்கப் பொதுவாகப் பயன்படும் அமீன் கரைசலைக் கந்தக டை ஆக்சைடு கெடுத்துவிடும். எனவே முதலில் கந்தகத்தை நீக்கியாக வேண்டும். அதற்கான வரம்பு 2015-இலேயே விதிக்கப்பட்டும் காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. இந்த முதல் படியே இவ்வளவு தாமதமாகியிருக்கும்போது, எதிர்காலத்தில் கரியமில வாயுவைப் பிடித்துப் புதைப்போம் என்ற வாக்குறுதியை முன்வைத்துப் பழைய அலகுகளின் ஆயுளை நீட்டிப்பதோ புதியவற்றுக்கு அனுமதி தருவதோ எங்கள் பிள்ளைகளின் நுரையீரலுக்குச் செய்யும் அநீதி.

ஆகவே, நிலக்கரிப் படுகைகளில் கரியமில வாயுவைச் செலுத்துவதையும், அதற்கான சோதனைத் துளைகளையும் மேற்படிச் சட்டத்தின் தடைப் பட்டியலில் வெளிப்படையாகச் சேர்க்கத் தங்கள் துறை பரிந்துரைக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். மத்திய அரசிடமிருந்து இது தொடர்பாக ஏதேனும் கடிதமோ ஆய்வு முன்மொழிவோ வந்தால், பதில் அனுப்புவதற்கு முன்பே அதைத் தமிழில் வெளியிட்டு, உரிய கிராம சபைகளின் முன் வைக்கவும் ஆணையிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வட சென்னைவாசி ஒருவர்