பி.டி. வயலில் புழுவை மட்டும் எண்ணினால் போதாது: களச் சோதனை முறையைத் திருத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
பயிர்ப் பாதுகாப்புக் களப்பணியாளர்கள் மற்றும் விவசாயிகள்

பெறுநர்:
வேளாண்மைத் துறை இயக்குநர் அவர்கள்

பொருள்: பூச்சி எதிர்ப்பு மரபணு மாற்றுப் பயிர்களின் களச் சோதனையிலும் பின்கண்காணிப்பிலும் அப்பயிர்கள் குறிவைக்காத பிற பூச்சிகளைக் கணக்கெடுக்கும் முறையைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். பி.டி. பயிர் என்பது பேசில்லஸ் துரிஞ்ஜியன்சிஸ் என்ற பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்து, புழுவைக் கொல்லும் புரதத்தைத் தானே உண்டாக்கும்படி செய்த பயிர். அது வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்குக்கு இம்மனுவில் இடமில்லை. எங்கள் முதன்மைக் கோரிக்கை ஒன்றுதான். பி.டி. திடல், வழக்கம்போல் மருந்தடித்த சாதாரணத் திடல் ஆகிய இரண்டை மட்டும் ஒப்பிடும் சோதனையை ஏற்க வேண்டாம். மருந்தே அடிக்காத சாதாரணப் பயிர்த் திடல் ஒன்று மூன்றாவதாகக் கட்டாயம் இருக்க வேண்டும்.

யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து விடையே மாறிவிடுகிறது. பி.டி. பருத்தியிலும் மக்காச்சோளத்திலும் நடந்த 42 களச் சோதனைகளை ஒன்றுசேர்த்து 2007இல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. மருந்தடித்த சாதாரண வயலைவிடப் பி.டி. வயலில் பிற பூச்சிகள் கூடுதலாக இருந்தன. மருந்தடிக்காத சாதாரண வயலோடு வைத்துப் பார்த்தபோதோ, சில பூச்சி இனங்கள் பி.டி. வயலில் குறைவாக இருந்தன. இரண்டும் உண்மைதான். முதல் ஒப்பீட்டை மட்டும் காட்டுபவர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்கிறார்.

பி.டி. புரதம் கண்ணில் பட்ட பூச்சியை எல்லாம் கொல்வதில்லை. புழுவின் காரத்தன்மை மிகுந்த நடுக்குடலில் அது கரைந்து, செரிமான நொதிகளால் வெட்டப்பட்டு, குடல் சுவரில் தனக்குப் பொருந்தும் ஏற்பியில் ஒட்டிக்கொண்டு துளையிடுகிறது. ஏற்பி இல்லாத பூச்சிக்கு ஒன்றும் ஆவதில்லை. பி.டி. புரதங்களில் கிரை1ஏசி அந்துப்பூச்சி வகைப் புழுக்களுக்கு, கிரை3பிபி வேர்ப்புழு வண்டுக்கு என்று பிரிவு இருப்பது இதனால்தான். எனவே தேனீயும் பொறிவண்டும் செத்து விழுகின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டு ‘பாதிப்பு இல்லை’ என்று எழுதுவது எளிது. மாற்றம் பெரும்பாலும் வேறு வழியில் வருகிறது.

முதல் வழி, மருந்து குறைவது. வட சீனாவின் 6 மாகாணங்களில் காய்ப்புழுவுக்கு அடித்துவந்த மருந்து பி.டி. பருத்தி வந்தபின் குறைந்தது. அந்த மருந்தில் சேர்ந்தே மடிந்துகொண்டிருந்த, பயிரின் சாறு உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சி பெருகி, பருத்தியைத் தாண்டிப் பழத்தோட்டங்களுக்கும் பரவியதை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே மருந்துக் குறைவால் அசுவினியைத் தின்னும் பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப்பூச்சி, சிலந்தி ஆகியவை கூடி அசுவினி குறைந்ததை 2012இல் வந்த ஆய்வு காட்டியது. ஒரே காரணம், இரண்டு திசை விளைவு. ‘நன்மை செய்யும் பூச்சி’ என்று ஒற்றைக் கட்டம் போட்ட படிவத்தில் இது தெரியவே தெரியாது.

இரண்டாம் வழி, இரை. புழு குறைந்தால் அதை மட்டுமே நம்பி வாழும் ஒட்டுண்ணிக் குளவியும் குறையும். புழு பாதி நோயுற்று உயிரோடிருந்தால் அதனுள் வளரும் குளவி இளைத்துப்போகும். ஆய்வகத்தில் இதை நஞ்சின் நேரடி விளைவு என்று தவறாகக் கணக்கிட்டதுண்டு. பி.டி.க்கு எதிர்ப்புத்திறன் பெற்ற வைரமுதுகுப் புழுவை இரையாகக் கொடுத்துப் பார்த்தபோது, நஞ்சு உடலில் இருந்தும் ஒட்டுண்ணிக்குக் கேடு வரவில்லை. இந்தச் சரிபார்ப்பு இல்லாத ஆய்வக அறிக்கை எந்தப் பக்கம் பேசினாலும் அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

பயிர் ஒன்றே என்றாலும் எல்லாப் பூச்சிக்கும் ஒரே அளவு நஞ்சு போய்ச் சேர்வதில்லை. அசுவினி உறிஞ்சும் பட்டைச் சாற்றில் பி.டி. புரதம் ஏறக்குறைய இல்லை. இலைத் திசுவைக் குத்தி உண்ணும் சிவப்புச் சிலந்தியின் உடலில் அது நிறையவே சேர்கிறது. ஆகவே அசுவினி தின்ற பொறிவண்டை வைத்து ‘இரைவிழுங்கிகளுக்குப் பாதுகாப்பானது’ என்று எழுதுவது நஞ்சே இல்லாத சாப்பாட்டைப் போட்டுச் சோதிப்பது போலத்தான். மகரந்தமும் அப்படியே. பி.டி. மக்காச்சோள மகரந்தம் படிந்த இலையைத் தின்னும் மோனார்க் வண்ணத்துப்பூச்சிப் புழுக்களைப் பற்றி 1999இல் ஆய்வகத்தில் எழுந்த அச்சம், பரவலாகப் பயிரான மக்காச்சோள ரகங்களுக்குப் பொருந்தாது என்று 2001இல் வந்த கள ஆய்வுகள் காட்டின. 176 என்ற எண்ணிட்ட ரகத்தின் மகரந்தத்திலோ நஞ்சு மிகுதியாக இருந்தது. ஒவ்வொரு ரகத்துக்கும் தனிச் சோதனை கேட்பதற்கு இது ஒன்றே போதும்.

இனி களத்தில் சோதனை எங்கே கெடுகிறது என்பது.

விதை நேர்த்திதான் முதல் இடறல். பி.டி. விதை இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து பூசி வந்து, ஒப்பீட்டு விதை பூசாமல் வந்தால், முதல் சில வாரங்களில் தத்துப்பூச்சியும் அசுவினியும் குறைவாக இருப்பது மரபணுவால் அல்ல, பூச்சால். எல்லாத் திடலுக்கும் ஒரே நேர்த்தி, அல்லது எதற்கும் இல்லை. ரகமும் பி.டி. மரபணு நீங்கலாக அதே ரகமாக இருக்க வேண்டும். இலையில் மயிர் கூடினாலோ குறைந்தாலோ தத்துப்பூச்சியின் எண்ணிக்கை தானாக மாறிவிடும்.

திடலின் அளவு அடுத்தது. சின்னத் திடலில் பொறிவண்டு காலையில் ஒன்றிலும் மாலையில் அடுத்ததிலும் இருக்கும். வேறுபாடு இருந்தாலும் கலந்து மறைந்துவிடும். பக்கத்துத் திடலில் அடித்த மருந்துச் சாரலும் காற்றில் வந்து சேரும். திடல்களைப் பெரிதாக்கி, இடையே வரப்போர வரிசைகள் விட்டு, நடுப்பகுதியில் மட்டும் எண்ணச் சொல்லுங்கள்.

எண்ணும் விதத்திலும் கவனம் தேவை. சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு ஒவ்வொரு செடியிலும் மேல், நடு, கீழ் என 3 இலைகளைப் பார்க்க வேண்டும். வெள்ளை ஈ பறக்கத் தொடங்குமுன் விடிகாலையிலேயே இலையை மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். தரையில் ஓடும் வண்டுகளுக்கும் சிலந்திகளுக்கும் குழிப்பொறி: மண்ணில் புதைத்த டம்ளரின் விளிம்பு மண்மட்டத்தோடு சமமாக இருக்க வேண்டும். சற்றே மேலே நின்றாலும் வண்டு சுற்றிக்கொண்டு போய்விடும், படிவத்தில் சுழியம் ஏறும். மஞ்சள் ஒட்டுப்பொறியில் விழுவது பறக்கும் பூச்சிகளின் நடமாட்டம். செடியில் இருப்பின் கணக்கு அல்ல.

மாவுப்பூச்சியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஏனேசியஸ் குளவி முட்டையிட்ட மாவுப்பூச்சி, வெள்ளை மாவு உதிர்ந்து செம்பழுப்பு நிறத்தில் கெட்டியான கூடாக நிற்கும்; குளவி வெளியேறியபின் அதில் வட்டத் துளை தெரியும். இந்தக் கூடுகளையும் உயிருள்ள மாவுப்பூச்சி என்று எண்ணினால் சேத அளவு எகிறும், மருந்தடிக்கச் சொல்லப்படும், கூட்டுக்குள் இருக்கும் குளவியும் போகும். படிவத்தில் ‘கூடு’ என்று ஒரு தனிக் கட்டம் சேர்த்தாலே இது தீரும். புழுக்களையும் முட்டைகளையும் எண்ணியதோடு விடாமல், ஒரு பகுதியைச் சேகரித்துக் குளவி வெளிவரும்வரை வளர்த்துப் பார்க்க வேண்டும். வெறும் எண்ணிக்கையால் ஒட்டுண்ணி அளவை அறிய முடியாது.

அனுமதிக்குப் பிந்தைய கண்காணிப்பில் புகலிடப் பயிரையும் (பி.டி. வயலோரம் விதைக்கும் பி.டி. அல்லாத பயிரை) சேர்க்க வேண்டும். சாதாரண விதையை ஓரத்தில் விதைக்காமல் விட்ட வயல்களில் பி.டி. நஞ்சுக்குப் புழுவின் எதிர்ப்புத்திறன் விரைவில் வளரும். இந்தியாவில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு கிரை1ஏசி புரதத்தைத் தாங்கிக்கொள்வது 2010இல் வெளியில் தெரிந்தது. பின்னர் இரண்டு பி.டி. மரபணு கொண்ட பருத்தியையும் அது வென்றது. அப்படி ஆனதும் மருந்து திரும்பி வரும், நன்மை செய்யும் பூச்சிகளுக்குக் கிடைத்த ஆதாயமும் போகும். புகலிட வரிசையில்தான் ஒட்டுண்ணிகளுக்கும் இரை மிஞ்சுகிறது. பி.டி. விதையும் சாதாரண விதையும் ஒரே பையில் கலந்து வரும்போது புழு செடிக்குச் செடி நகர்ந்து நஞ்சைக் குறைந்த அளவில் உண்ண இடமிருப்பதால், தனி வரிசையும் கலப்பு விதையும் எதிர்ப்புத்திறனில் எப்படி வேறுபடுகின்றன என்பதைப் பதிவு செய்ய உத்தரவிட வேண்டும்.

எனவே மூன்று திடல் ஒப்பீடு, ஒரே விதை நேர்த்தி, இனவாரியான எண்ணிக்கைப் படிவம், ரகவாரியான மகரந்தச் சோதனை ஆகியவற்றைச் சோதனை நெறிமுறையில் கட்டாயமாக்கி ஆணையிடுமாறும், சராசரியை மட்டுமல்லாமல் திடல்வாரி மூலத் தரவுகளையும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். படிவ மாதிரியைத் தயாரிக்கும் கூட்டத்துக்கு அழைத்தால் எங்கள் தரப்பில் வந்து வயலிலேயே எண்ணிக் காட்டத் தயாராக உள்ளோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்