தண்ணீர்மலைக்கு ஒரு ஒற்றையடிப் பாதை

பினாங்கு

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் சுகம். போனில் சின்னவள் "தாத்தா, மேப்பில் தண்ணீர்மலை ரோட்டைத் தேடினேன், வரவே இல்லை" என்று குறைப்பட்டுக்கொண்டாள். எப்படி வரும்? ரோட்டுப் பலகையில் ஜாலான் கெபுன் பூங்கா, அதாவது மலாயில் பூந்தோட்ட ரோடு, என்றல்லவா இருக்கிறது! அதற்கு முன்னால் வாட்டர்ஃபால் ரோடு. தண்ணீர்மலை நம் ஆட்கள் வாயில் வளர்ந்த பேர்.

மலையில் அருவி விழுகிறது, அதனால் தண்ணீர்மலை. டவுனுக்கே குடிதண்ணீர் தந்த அருவி அது. 1800களின் தொடக்கத்திலேயே கைதிகளை வைத்துச் செங்கல் வாய்க்கால் கட்டித் தண்ணீரை இறக்கியிருக்கிறார்கள். பூந்தோட்டம் வந்தது 1884-இல்தான், அதுவும் கல் உடைத்த குவாரியில். ஆக, வெள்ளைக்காரனும் நாமும் தண்ணீரைப் பார்த்துப் பேர் வைத்தோம். மலாய்ப் பேர் தோட்டத்தைப் பார்த்து வைத்தது. இதை அவளுக்குப் புரிகிற மாதிரி நீயே சொல்லும்மா.

என் பாட்டிக்கு ரோடு பிடிக்காது, வெயில் என்பார். ஓடை ஓரமாக ஓர் ஒற்றையடிப் பாதை இருந்தது. முருகன் கோயிலுக்கு அதில்தான் கூட்டிப் போவார். மழை பெய்த மறுநாள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, கட்டைவிரலை மண்ணில் ஊன்றி ஊன்றி நடக்க வேண்டும். திரும்பும்போது அர்ச்சனைத் தட்டை முந்தானையால் மூடிக்கொள்வார், குரங்குகளுக்குப் பயந்து. ஒருநாள் ஒரு தாட்டியான குரங்கு முந்தானைக்குள்ளேயே கையை விட்டுத் தேங்காய் மூடியோடு மரத்தில் ஏறிவிட்டது. நான் அழுதேன். பாட்டியோ, "விடுறா, மலைக்காரன் பங்கு" என்று நடையைக் கட்டினார். அப்புறம் பல நாள் எனக்கு முருகன் வேறு, மலைக்காரன் வேறு என்றுதான் நினைப்பு!

இப்போது அந்தப் பாதை புதர் மண்டிக் கிடக்கிறது. 2012-இல் திறந்த மலைக்கோயிலுக்கு 513 படி. அம்மா பாதியில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொள்கிறாள். படியைக் குறை சொல்ல மாட்டேன், பாட்டி மாதிரி வயசானவர்களுக்கு வழுக்காமல் ஏற அதுதான் நல்லது. ஆனால் படியில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்கள், பேச்சே இல்லை. பாதையில் ஊர்க்கதை பூராவும் பேசித் தீர்ப்போம்.

தைப்பூசத்துக்கு வருவதென்றால் முதல் நாளே வந்துவிடுங்கள். பினாங்கு ஸ்திரீட்டில் இருக்கிற செட்டியார்களின் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பி வருவதையும், வழியெல்லாம் சீனர்கள் தேங்காயைக் குவித்து வைத்து உடைப்பதையும் சின்னவள் பார்க்க வேண்டும். டிக்கெட் போட்டதும் சொல், மாடி அறையைக் கழுவி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா