வசந்திக்கு, ‘எம்’ படத்தைப் பற்றி

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் இல்லாமலே சமையலறை வரை நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. என் அக்கா விட்டுவிட்டு ரொம்ப அவஸ்தைப்பட்டாள். இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு ஓசூருக்கு மாற்றலாகிவிட்டது. பேத்தி என்னோடுதான் இருக்கிறாள், இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பு. அவளைப் பள்ளியில் விடுவதும் கூட்டி வருவதும்தான் இப்போது என் உத்தியோகம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நான் சொன்னேனே என்று இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங்கின் ‘எம்’ என்ற ஜெர்மன் படத்தைப் போட்டாய், பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டாய். குழந்தைகளைக் கொல்கிறவனைப் பற்றி 1931-இல் எடுத்த படத்தை இன்னும் ஏன் கொண்டாடுகிறார்கள் என்று கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறாய். உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீ நிறுத்திய இடத்தையே எடுத்துக்கொள். எல்ஸி என்கிற அந்தச் சின்னப் பெண் பள்ளி விட்டு வருகிறாள். தெருவோரத் தூணில் பந்தைத் தட்டி விளையாடுகிறாள். கொலையாளியைப் பிடித்துக் கொடுத்தால் பத்தாயிரம் மார்க் (ஜெர்மன் பணம்) பரிசு என்ற அறிவிப்பு அதே தூணில் ஒட்டியிருக்கிறது. அதன் மேல் ஒரு தொப்பி போட்ட நிழல் விழுகிறது. ‘உன் பந்து ரொம்ப அழகாக இருக்கிறதே’ என்று ஒரு குரல். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு கொலை எங்கே காட்டப்படுகிறது, சொல். வீட்டில் அம்மா தட்டு வைக்கிறாள், கடிகாரத்தைப் பார்க்கிறாள், மாடிப்படியில் ஏறி வரும் மற்றக் குழந்தைகளிடம் எல்ஸி வரவில்லையா என்று கேட்கிறாள். பிறகு ‘எல்ஸி, எல்ஸி’ என்று கூப்பிடுகிறாள். அந்தக் குரல் ஒலிக்க ஒலிக்க ஆளில்லாத மாடிப்படி, துணி காயும் மேல்மாடி, யாரும் உட்காராத நாற்காலியும் காலித் தட்டும் வருகின்றன. புதரிலிருந்து பந்து உருண்டு வந்து நிற்கிறது. அவன் வாங்கிக் கொடுத்த பலூன் மின்கம்பியில் சிக்கித் தவித்துவிட்டுக் காற்றோடு போகிறது. ஒரு துளி ரத்தம் கிடையாது, ஒரு அலறல் கிடையாது. உன்னால் பார்க்க முடியவில்லை என்றால், பார்க்காததை உன் மனசு தானே பார்த்துவிட்டது என்றுதான் அர்த்தம். இப்போது வருகிற கொலைப் படங்களில் எல்லாவற்றையும் கிட்டத்தில் காட்டிவிடுகிறார்கள், மறுநாள் மறந்துபோகிறது. அந்தப் பலூன் எனக்கு மறக்கவில்லை.

லாங்குக்கு இது முதல் பேசும் படம். பேசவும் பாடவும் வழி கிடைத்துவிட்டதே என்று மற்றவர்கள் சத்தத்தை வாரி இறைத்த காலம் அது. இவர் பின்னணி இசையே வைக்கவில்லை. சில இடங்களில் சுத்தமாக ஒலியே இல்லை. முதல்முறை பார்க்கும்போது டிவி கெட்டுவிட்டதோ என்று தோன்றும். அந்த அமைதிக்குள் ஒரு விசில் மட்டும் வருகிறது, நார்வே இசையமைப்பாளர் கிரீகின் ‘பேர் கிந்த்’ இசையிலிருந்து ஒரு துண்டு. கொலையாளிக்கு உள்ளே அரிப்பு கிளம்பும்போதெல்லாம் அந்த மெட்டு வாயில் வந்துவிடும். நடித்த பீட்டர் லோரேவுக்கு விசிலடிக்க வராதாம், லாங்கே அடித்தாராம். முகத்தைக் காட்டாமல் அந்த விசிலைக் கேட்கவைத்தாலே போதும், நமக்கு வயிற்றைக் கலக்கும். கடைசியில் அவனை அடையாளம் கண்டுபிடிப்பவரும் கண் தெரியாத பலூன்காரர்தான். எல்ஸிக்குப் பலூன் விற்ற அன்று கேட்ட மெட்டை அவர் காது மறுபடி பிடித்துக்கொள்கிறது. ஒரு நகரத்துப் போலீஸ் மொத்தமும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தேடிக் கிடைக்காதவன், இவர் காதுக்குச் சிக்குகிறான்.

போலீஸ் சும்மா இருந்தது என்று நினைத்துவிடாதே. கைரேகையைப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள், வரைபடத்தில் காம்பஸ் வைத்து வட்டம் போடுகிறார்கள், இரவு விடுதிகளில் புகுந்து எல்லாருடைய அடையாளக் காகிதங்களையும் சோதிக்கிறார்கள். இந்தச் சோதனைகளால் பிழைப்பு கெடுகிறது என்று திருடர்கள் கூடி, அவனை நாமே பிடித்துவிடலாம் என்று முடிவு செய்கிறார்கள். இங்கே லாங் செய்வதைப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை. ஒரு அறையில் திருடர்கள், இன்னொரு அறையில் அதிகாரிகள், இரண்டிலும் சுருட்டுப் புகை. திருடர் தலைவன் கையை நீட்டிப் பேச ஆரம்பிக்கிறான், அந்தக் கையசைவை அடுத்த அறையில் போலீஸ் தலைவர் முடிக்கிறார். யார் எந்தப் பக்கம் என்று ஒரு நிமிடம் தடுமாறிவிடுவாய்.

பிச்சைக்காரர்களைத் தெருத்தெருவாகக் காவல் போடுகிறார்கள். அவனைப் பின்தொடர்கிற இளைஞன் உள்ளங்கையில் சாக்பீஸால் ‘எம்’ என்று, ஜெர்மனில் கொலைகாரன் என்ற சொல்லின் முதல் எழுத்தை, எழுதிக்கொண்டு, வழுக்கியதுபோல அவன் மேல் சாய்ந்து தோளில் ஒரு தட்டு தட்டுகிறான். கறுப்புக் கோட்டில் எழுத்து பதிந்துவிடுகிறது. அது அவனுக்கே தெரியாது. ‘மாமா, கோட்டில் ஏதோ அழுக்கு’ என்று சொல்வது யார் தெரியுமா? அடுத்ததாக அவன் கூட்டிப் போக இருந்த குழந்தை. பிறகு கண்ணாடியில் அவன் தன் தோளைத் திரும்பிப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, லோரேவின் கண்கள் அப்படியே வெளியே வந்துவிடும்போல இருக்கும். அதுவரை வேட்டையாடியவன் அந்த நொடியிலிருந்து வேட்டையாடப்படுகிறவன்.

ஒன்றைக் கவனி வசந்தி. இந்த இடத்தில் நாமும் திருடர்களோடு சேர்ந்துவிட்டிருக்கிறோம். அவன் ஒரு அலுவலகக் கட்டடத்தின் பரணில் ஒளிந்துகொள்ள, இவர்கள் பூட்டை உடைத்துத் தேடும்போது ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று நம் மனசு அடித்துக்கொள்கிறது. பிடித்தும்விடுகிறார்கள். இழுத்துக்கொண்டு போவது மூடிக்கிடக்கும் ஒரு சாராய ஆலைக்கு. அங்கே வரிசை வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு சத்தம் இல்லை. அந்தக் கூட்டத்தில் நிஜக் குற்றவாளிகளையும் நடிக்கவைத்ததாக லாங் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அங்கேதான் லாங் நம்மை மடக்குகிறார். கொலையாளி மண்டியிட்டுக் கதறுகிறான். நீங்களெல்லாம் விரும்பித் திருடுகிறீர்கள், ஒழுங்காக ஒரு தொழில் கற்றுக்கொண்டால் விட்டுவிடலாம், எனக்கு அப்படி இல்லை, எனக்குள் இருப்பது என்னைத் துரத்துகிறது, தெருத்தெருவாக நானே என் பின்னால் ஓடுகிறேன் என்கிறான். கூட்டத்தில் சிலர் தங்களையறியாமல் தலையாட்டுகிறார்கள். தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருக்கும் தலைவனே மூன்று கொலைகளுக்காகத் தேடப்படுகிறவன். அதை அவன் முகத்துக்கு நேரே சொல்வது, கைதிக்காகப் பேச அவர்களே நிறுத்திய வக்கீல். நோயாளியை டாக்டரிடம் கொடுக்க வேண்டும், தூக்கு போடுபவனிடம் இல்லை என்கிறார். கூட்டம் சிரிக்கிறது, கத்துகிறது. குழந்தைகளைப் பறிகொடுத்த தாய்களைக் கேட்டுப் பார் என்று ஒரு பெண் அலறுகிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு அவன் மேல் இரக்கம் வருகிறதா என்றால், வருகிறது. மன்னிப்பேனா என்றால், மாட்டேன். எல்ஸியின் காலித் தட்டை மறந்துவிட்டு இந்தக் காட்சியைப் பார்க்க லாங் விடவே இல்லை. இரண்டும் சேர்ந்தே நெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன. இத்தனை வருஷம் இந்தப் படம் நிற்பதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அந்த வருஷம் ஜெர்மனியில் அது வெறும் கதையும் இல்லை. டுசல்டார்ஃபில் பலரைக் கொன்ற பீட்டர் குர்டனுக்கு ஏப்ரலில்தான் மரண தண்டனை விதித்திருந்தார்கள். மே 11-இல் பெர்லினில் படம் வெளியாகிறது, ஜூலையில் அவனைக் கொல்கிறார்கள். வேலை இல்லாத கூட்டம் தெருவில் நின்ற காலம். படத்தின் நடுவில், ஒரு சிறுமி மணி கேட்டாள் என்பதற்காகக் கிழவர் ஒருவரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். அந்தக் கூட்டம் இரண்டு வருஷத்தில் யாரைச் சுற்றிக் கூடியது என்று நமக்குத் தெரியும். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் லாங்கும் ஜெர்மனியை விட்டுப் போனார், லோரேயும் போனார். லோரே யூதர். சாராய ஆலையில் அவர் கதறிய அந்தக் காட்சியை வெட்டி எடுத்து, 1940-இல் யூத வெறுப்புக்காகவே நாஜிகள் எடுத்த ஒரு படத்தில் ஒட்டினார்கள். ஒரு நடிகனின் உச்சமான நடிப்பை, இவர்கள் பிறவியே இப்படித்தான் என்று சாட்சியாகக் காட்டியிருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. திரைக்கதையை லாங்கோடு சேர்ந்து எழுதிய அவர் மனைவி தேயா ஃபான் ஹார்பூ அங்கேயே தங்கி அந்த ஆட்சியிலும் படம் எழுதினார் என்பது தனி வேதனை.

அதனால் மீதியையும் பார் என்றுதான் சொல்வேன். மொத்தமே 110 நிமிடம் போல. வெட்டிச் சுருக்கிய பழைய பிரதிகளும் சுற்றுகின்றன, அதைப் போடாதே. சீராக்கிய பிரதியாகப் பார்த்துப் போடச் சொல். தனியாகப் பார்க்க வேண்டாம், உன் மகனையும் உட்காரவை. அவன் வக்கீலாயிற்றே, அந்தச் சாராய ஆலை வக்கீல் பேசுவது சட்டப்படி எவ்வளவு நிற்கும் என்று கேட்டு எழுது. மனநிலை சரியில்லாத குற்றவாளி என்று வாதாட வந்தால் இவன் எடுத்துக்கொள்வானா, கேள். அவன் பதில் எனக்கு நிஜமாகவே தெரிய வேண்டும்.

பேத்திக்குக் காலாண்டு விடுமுறை விட்டதும் அவளையும் கூட்டிக்கொண்டு கோவைக்கு வரலாம் என்றிருக்கிறேன். உனக்கு எந்த வாரம் தோது என்று சொல். மாவடு ஒரு ஜாடி போட்டு வைத்திருக்கிறேன், கொண்டுவருகிறேன். அவருக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
கல்யாணி