'போலீஸ் ஸ்குவாட்!' ஆறு பகுதிகளையும் பார்க்க உதவிய எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள நண்பர்களே, வணக்கம்.

'போலீஸ் ஸ்குவாட்!' தொடரின் ஆறு பகுதிகளையும் நாலு பேரோடு சேர்ந்து பெரிய திரையில் ஒரே மூச்சில் பார்க்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. போன ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. நேரில் நன்றி சொல்ல வந்தபோது "இதுக்கெல்லாம் எதுக்குங்க" என்று பாதிப் பேர் பேச்சை மாற்றிவிட்டீர்கள். அதனால் எழுதியே சொல்லிவிடுகிறேன். வர முடியாமல் போனவர்களும் படிப்பார்கள் என்பதால் தொடரைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன்.

அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1982 மார்ச் 4 அன்று தொடங்கிய நகைச்சுவைத் தொடர் இது. நான்கு பகுதிகள் ஒளிபரப்பானதும் நிறுத்திவிட்டார்கள். மீதி இரண்டை அந்த வருடம் ஜூலையில் போட்டுக் கணக்கை முடித்தார்கள். 1980இல் 'ஏர்பிளேன்!' படத்தை எடுத்த ஜிம் ஆபிரகாம்ஸ், டேவிட் சக்கர், ஜெர்ரி சக்கர் மூவரும்தான் இதை உருவாக்கியவர்கள். பழைய அமெரிக்கப் போலீஸ் தொடர்களை, குறிப்பாக லீ மார்வின் நடித்த 'எம் ஸ்குவாட்' தொடரை, அச்சு அசலாக அதே மிடுக்கோடு நடித்துக் காட்டிக் கேலி செய்தார்கள்.

ஏன் நிறுத்தினார்கள் என்பதற்கு ஏபிசியின் பொழுதுபோக்குப் பிரிவுத் தலைவராக இருந்த டோனி தாமோபுலஸ் சொன்ன காரணம் பிரசித்தம். இந்தத் தொடரை ரசிக்க வேண்டுமென்றால் பார்வையாளர் அதைப் பார்த்தாக வேண்டும் என்றார் அவர். சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டே காதால் கேட்டால் இதில் பாதிக்கு மேல் போய்விடும் என்பது உண்மைதான். துப்பறியும் அதிகாரி ஃபிராங்க் டிரெபின் முன்னால் நின்று வெகு சீரியஸாக வழக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். வேடிக்கை எல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் நடக்கும். லிஃப்ட் கதவு திறந்தால் அந்தப் பக்கம் நீச்சல் குளம் இருக்கும். கவனித்துப் பார்ப்பவர்களுக்கு என்றே எடுத்த தொடர் இது. அப்படிக் கவனித்துப் பார்க்க ஓர் இடத்தையும் சில மணி நேரத்தையும் நீங்கள் எல்லோரும் சேர்ந்து உண்டாக்கிக் கொடுத்தீர்கள். இந்தக் கடிதம் முழுக்க அதற்கான நன்றிதான்.

முதலில் கனடாவிலிருந்து டிஸ்கைக் கொண்டுவந்த சித்தப்பா மகனுக்கு. இந்தத் தொடர் 2006இல் டிவிடியாக வெளியானது. ஊருக்கு வரும்போது என்ன வேண்டும் என்று கேட்டவனிடம் இதைத்தான் கேட்டேன். மிட்டாய், சென்ட் பாட்டில்களுக்கு நடுவே துணியில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்தான்.

கொண்டுவந்த டிஸ்க் இங்கே ஓடவில்லை. டிவிடி விற்பனைக்காக உலகத்தைப் பல மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள், ஒரு மண்டலத்து டிஸ்க் இன்னொரு மண்டலத்துக் கருவியில் ஓடாது. அமெரிக்கா, கனடாவில் விற்கும் டிவிடிகள் முதல் மண்டலத்துக்கானவை. இந்தியா ஐந்தாம் மண்டலம். மதுரை டவுன் ஹால் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தம்பி, தன் சொந்தக் கம்ப்யூட்டரின் டிஸ்க் டிரைவையே முதல் மண்டலத்துக்கு மாற்றிக் கொடுத்தார். அப்படி மாற்ற மொத்தம் ஐந்து தடவைதான் முடியும், அதற்குப் பிறகு கடைசியாக வைத்த மண்டலத்திலேயே நின்றுவிடும் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதில் ஒன்றை நமக்காகச் செலவழித்துவிட்டு, வாய் திறந்து சொல்லவும் இல்லை. அப்புறம் புரொஜெக்டரையும் தூக்கிக்கொண்டு வந்து, கடைசிவரை உட்கார்ந்து ஓட்டியதும் அவர்தான்.

தமிழில் சப்டைட்டில் போட்டுக் கொடுத்த அக்காவுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். எழுதியதற்காக மட்டும் இல்லை, பல இடங்களில் எழுதாமல் விட்டதற்காகவும்தான். தொடரில் ஆல் என்று ஒரு போலீஸ் ஊழியர் வருவார். அவ்வளவு உயரம், தலை எப்போதும் படச்சட்டத்துக்கு வெளியேதான் இருக்கும். நமக்குத் தெரிவது சட்டைப் பொத்தான்கள் மட்டும். டிரெபின் அண்ணாந்து பார்த்துப் பேசுவார். அந்த இடத்தில் வசனத்தை அக்கா இரண்டே சொல்லாகச் சுருக்கியிருந்தார். கண் மேலே போகட்டும் என்றுதான் அப்படிச் செய்தாராம். வேடிக்கை திரையின் அடியில் நடக்கும்போது எழுத்தை மேலே ஏற்றிவிட்டார். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் திரையில் ஒரு தலைப்பு வரும், அறிவிப்பாளர் குரல் வேறொரு தலைப்பைப் படிக்கும். இரண்டையும் தமிழில் போட்டு, குரலில் வருவதை மட்டும் வேறு நிறத்தில் காட்டியிருந்தார். இவ்வளவு நுணுக்கமாகத் தொடரைப் பார்த்தவர் நம் ஊரில் அவராகத்தான் இருப்பார்.

டியூஷன் சென்டரின் மாடியைக் கொடுத்த சாருக்கு அடுத்த நன்றி. ஜன்னல்களுக்கெல்லாம் அவர் அம்மா கருநீலப் போர்வையைக் கட்டி, ஓரங்களில் குண்டூசி குத்தி அடைத்துவிட்டார். பட்டப்பகலில் அந்த அறை தியேட்டர் போல இருட்டாகிவிட்டது. முறுக்கும் சுண்டலும் இடைவேளையில்தான் என்று சார் கண்டிப்பாகச் சொன்னபோது சிலருக்கு முகம் வாடியது எனக்குத் தெரியும். ஆனால் அவர் சொன்னது சரி. மற்ற நகைச்சுவைத் தொடர்களில் வருவது போல இதில் பதிவு செய்த சிரிப்பொலி கிடையாது. எந்த இடத்தில் சிரிப்பது என்று யாரும் நமக்குச் சொல்ல மாட்டார்கள். அன்றைக்கு ஒரு மூலையில் ஒருவர் சிரிக்க, மற்றவர்கள் திரையில் தேடித் தேடிக் கண்டுபிடித்துச் சிரிக்க, சிரிப்பு அறையைச் சுற்றிச் சுற்றி வந்தது. முறுக்குச் சத்தத்தில் அது கேட்டிருக்காது.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த டியூஷன் பிள்ளைகளையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் சிறப்புத் தோற்றம் என்று ஒரு பிரபலத்தைக் காட்டுவார்கள். காட்டிய கையோடு அவர் செத்துப்போவார், கதைக்குள் வரவே மாட்டார். பாடகர் ராபர்ட் கூலே துப்பாக்கிப் படையின் முன்னால் நிற்பார். 'ஸ்டார் டிரெக்' புகழ் வில்லியம் ஷாட்னர் குண்டுகளுக்குத் தப்பிவிட்டு, நிம்மதியாக ஒரு வாய் ஒயின் குடித்து, அதிலிருந்த விஷத்தில் சாய்வார். இந்த முறையைப் பிள்ளைகள் இரண்டாவது பகுதியிலேயே பிடித்துவிட்டார்கள். "இவரும் போயிருவாரு" என்று முன்கூட்டியே அறிவிக்க ஆரம்பித்தார்கள். (இதே இடத்துக்காக நகைச்சுவை நடிகர் ஜான் பெலூஷியையும் வைத்து ஒரு காட்சி எடுத்திருந்தார்கள். தொடர் தொடங்கிய மறுநாளே, மார்ச் 5 அன்று, அவர் நிஜமாகவே இறந்துபோனதால் அதைப் பயன்படுத்தவில்லை.)

ஒவ்வொரு பகுதியின் முடிவிலும், பிடிபட்ட குற்றவாளி எந்தச் சிறைக்குப் போகிறார், அங்கே ஏற்கெனவே யார் யார் இருக்கிறார்கள் என்று டிரெபின் சொல்வார். முந்தைய பகுதிகளில் பிடிபட்டவர்களின் பெயர்களெல்லாம் வரிசையாக வரும், பட்டியல் வாரத்துக்கு வாரம் நீளும். நாலாவது பகுதி வந்தபோது பிள்ளைகள் அந்தப் பெயர்களை வாய்ப்பாடு போல அவரோடு சேர்ந்தே ஒப்பித்தார்கள். ஆறையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தது இதற்காகத்தான். விட்டு விட்டுப் பார்த்தால் இந்தச் சந்தோஷம் கிடைக்காது.

மூன்றாவது வரிசைப் பெரியவருக்குத் தனியாக ஒரு நன்றி. அந்தக் காலத்துத் தொடர்களில் முடியும்போது எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, படம் அப்படியே உறைந்து நிற்கும், அதன்மேல் பெயர்கள் ஓடும். இதில் படம் உறையாது, நடிகர்கள்தான் அசையாமல் நிற்பார்கள். ஒரு பகுதியில் காப்பியை ஊற்றிய நிலையிலேயே ஒருவர் சிலையாக நிற்க, கோப்பை நிரம்பி வழிந்துகொண்டே இருக்கும். இன்னொன்றில் விலங்கு மாட்டிய கைதி, போலீஸ்காரர்கள் அத்தனை பேரும் சிலையாக நிற்பதைப் பார்த்துத் திகைத்து, அறையிலிருந்து வெளியே ஓட வழி தேடுவான். "தம்பி, அந்தக் காப்பியை இன்னொரு தடவை போடுப்பா" என்று பெரியவர் கேட்டார். கடைக்காரத் தம்பி அலுக்காமல் பின்னால் ஓட்டிப் போட்டார். டிரெபினாக நடித்த லெஸ்லி நீல்சன் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது இரண்டாவது தடவைதான் பலர் கண்ணில் பட்டது. பெரியவர் கேட்டிருக்காவிட்டால் நாம் கடந்து போயிருப்போம்.

நீல்சன் 2010இல் காலமானார். அவருக்கும் இந்த மடலில் இடம் உண்டு. கனடாவின் ரெஜைனா நகரில் 1926இல் பிறந்தவர். முப்பது வருடத்துக்கு மேல் கம்பீரமான பாத்திரங்களிலேயே நடித்தவரை 'ஏர்பிளேன்!' படமும் இந்தத் தொடரும் நகைச்சுவைக்குக் கொண்டுவந்தன. டிரெபினாக அவர் ஓர் இடத்தில்கூடத் தன் பேச்சு வேடிக்கையானது என்று தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள மாட்டார். வண்டியை நிறுத்தும்போது குப்பைத் தொட்டியில் மோதிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல இறங்கி நடப்பார். தொடர் நின்றுபோனாலும் அந்த நடிப்புக்காக எம்மி விருதுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. அதே பாத்திரத்தை வைத்து 1988இல் 'தி நேக்கட் கன்' படம் வந்தது, மேலும் இரண்டு பாகங்களும் வந்தன. நம்மில் பலருக்கு கேபிள் டிவி மூலம் தெரிந்தது அந்தப் படங்கள்தான். எனக்கு அவற்றைவிடத் தொடர்தான் ஒரு படி மேல். படங்களில் வேடிக்கையைத் திரையின் நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள், தொடரில் நாமே போய்த் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது.

டீ போட்டவர்கள், நாற்காலி தூக்கியவர்கள், செருப்புகளை வரிசையாக எடுத்து வைத்த அந்தச் சின்னப் பெண், எல்லோருக்கும் நன்றி.

டிஸ்க் இப்போது டியூஷன் சாரிடம் இருக்கிறது, அக்காவின் சப்டைட்டில் கோப்பைக் கடைக்காரத் தம்பி வைத்திருக்கிறார். வர முடியாதவர்கள் இருவரையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். குறைந்தது நாலு பேராகச் சேர்ந்து பாருங்கள், போனைப் பக்கத்து அறையில் வைத்துவிடுங்கள். போர்வைகளை அம்மா துவைத்து மடித்து வைத்திருக்கிறாராம். தங்கள் வீட்டுப் போர்வையைக் கொடுத்தவர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்களில் ஒருவன்